காரைக்குடியில் 6 மாத நரம்பியல் பயிற்சி: ஒரு பிசிசியன் அசிஸ்டென்டின் விமர்சனம்

சென்னையில் ஒரு இதய சிகிச்சைப் பிரிவில் பிசிசியன் அசிஸ்டென்டாக (டாக்டரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்கும் உதவியாளர், சுருக்கமாக பி.ஏ.) வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பத்தாவுக்கு முடியாமல் போனதும் தேவகோட்டைக்கே திரும்பிவிட்டேன். காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனை நரம்பியல் பிரிவுக்கு ஆள் எடுக்கிறது, அந்தத் துறைக்குப் புதியவர்களுக்கு 6 மாதம் பயிற்சியும் கொடுக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. சேர்ந்தேன், முடித்தேன், இப்போது அங்கேயே வேலை. சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இதே வேலைக்கு வர நினைக்கிற பி.ஏ.க்களும் நர்ஸ்களும் எப்படி இருக்கிறது, சேரலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப்போவதால் மருத்துவமனையின் பெயரைப் போடவில்லை.

சேரலாம். வகுப்புகளுக்காக அல்ல, முதல் நாளே கையில் கொடுக்கும் நான்கு பக்கத் தாளுக்காக. உங்களிடம் எந்த மாதத்தில் எதை எதிர்பார்க்கிறோம் என்று அதில் எழுதியிருக்கிறது. தனியாகச் செய்யலாம், டாக்டர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யலாம், எதையும் செய்யாமல் உடனே போன் போட வேண்டும் என்று மூன்று கட்டம். முதல் மாதக் கட்டத்தில் இருப்பதைப் படித்ததும் எனக்கு மூச்சு வந்தது. நோயாளியிடம் முழுக் கதையையும் கேட்டு எழுதுவது, தலை முதல் கால் வரை நரம்புப் பரிசோதனை செய்வது, கண்டதை ஒழுங்காகச் சொல்வது. அவ்வளவுதான். பாதிப்பு மூளையிலா, தண்டுவடத்திலா, நரம்பிலா, தசையிலா என்று முதல் மாதத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். நீங்களாகச் சொன்னால் நல்லது, ஆனால் உங்கள் மதிப்பெண் அதில் இல்லை.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், பல இடங்களில் பயிற்சி என்பதே "கூடவே இருந்து பார்த்துக் கத்துக்குங்க" என்ற ஒரு வரிதான். நரம்பியலில் அது சரிப்படாது. இந்தத் துறைக்கு வருகிறவர்கள் ஏற்கெனவே பயந்துபோய்த்தான் வருகிறார்கள். எவ்வளவு தெரிந்தால் போதும் என்று யாரும் சொல்லாவிட்டால், ஒருவர் எல்லாவற்றுக்கும் போன் போட்டு டாக்டரை நச்சரிப்பார், இன்னொருவர் எதற்குமே போட மாட்டார். இரண்டாமவரால்தான் ஆபத்து.

இந்த பி.ஏ. வேலை அமெரிக்காவில் பிறந்தது. 1965-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் கடற்படையிலிருந்து வந்த மருத்துவ உதவியாளர்களை வைத்து முதல் பி.ஏ. வகுப்பு தொடங்கினார்கள். நர்ஸ் பிராக்டிஷனர் (கூடுதலாகப் படித்து நோயாளிகளைத் தாங்களே பார்க்கும் நர்ஸ்) படிப்பும் அதே ஆண்டுதான் கொலராடோவில் தொடங்கியது. இரண்டு பேரையும் சேர்த்து அங்கே அட்வான்ஸ்டு பிராக்டிஸ் புரொவைடர் என்கிறார்கள். அங்கேகூட பி.ஏ. படிப்பில் கட்டாய சுழற்சிப் பணி என்று வைத்திருப்பது பொது மருத்துவம், அவசர சிகிச்சை, அறுவை, குழந்தைகள், மகளிர், மனநலம் போன்றவற்றைத்தான். நரம்பியல் அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. ஆக, அங்கேயும் நரம்பியல் வார்டுக்குள் நுழைகிற ஆள் பெரும்பாலும் புதியவர்தான். நம் ஊரில் 1992-ல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதயப் பிரிவுக்காக இந்தப் படிப்பு வந்தது, 2021-ல் வந்த துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டத்தில் எங்கள் தொழிலுக்கும் இடம் கிடைத்தது. எங்கள் வேலை டாக்டரின் மேற்பார்வையில்தான். அமெரிக்காவில் சில மாநிலங்களில் நர்ஸ் பிராக்டிஷனரே சுயமாக மருந்து எழுதலாம். அதனால் இந்த நான்கு பக்கத் தாளில் அந்த ஊர் முறையை அப்படியே நகல் எடுத்துக் கொடுக்காமல், நமக்கு எது பொருந்தும் என்று பார்த்து மாற்றியிருக்கிறார்கள். நோயாளியிடம் எப்படி அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதுகூடத் தாளில் உண்டு. ஆச்சிமார் எங்களை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். "நான் டாக்டர் இல்லை ஆச்சி, டாக்டருக்கு உதவியா இருக்கிறவ. நான் பார்த்ததை டாக்டர்கிட்ட சொல்லி, அவர் முடிவு பண்ணுவார்" என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். நான் சொல்கிறேன். ஒருவரும் குறைத்து நினைத்ததில்லை.

தாளின் கடைசிப் பக்கத்தில்தான் எனக்குப் பிடித்த பகுதி இருக்கிறது. எந்தத் துறையிலிருந்து வருகிறீர்களோ, அங்கே பழகிய எதையெல்லாம் இங்கே கழற்றி வைக்க வேண்டும் என்று தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். இதயப் பிரிவிலிருந்து வருகிறவர்களுக்கு மூன்று வரி. நெஞ்சுவலி என்று வந்தால் ஆஸ்பிரினை உடனே மென்று விழுங்கக் கொடுப்பது எங்கள் கைப்பழக்கம். இங்கே கை கால் விழுந்து வந்தவருக்கு சி.டி. ஸ்கேன் எடுத்து ரத்தக்கசிவு இல்லை என்று பார்க்கும் வரை ஆஸ்பிரினைத் தொடக்கூடாது. இரண்டாவது, ரத்த அழுத்தம். 200 என்று காட்டினால் இறக்கத்தான் கை போகும். ரத்தக்குழாய் அடைபட்ட மூளைக்கு அந்த அழுத்தம்தான் கொஞ்சமாவது ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதாக இருந்தால் 185/110-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். ஊசி இல்லையென்றால் பொதுவாக 220/120 வரை விட்டுவிடுவார்கள்.

மூன்றாவது வரிதான் உயிர் போகிற வரி. ரத்தக்கட்டியைக் கரைக்கும் டெனெக்டிப்ளேஸ் என்ற அதே மருந்தை மாரடைப்புக்கும் போடுகிறார்கள், பக்கவாதத்துக்கும் போடுகிறார்கள். மாரடைப்பில் எடையைப் பொறுத்து 50 மில்லிகிராம் வரை போகும். பக்கவாதத்தில் எங்கள் பிரிவு பின்பற்றுவது கிலோவுக்கு 0.25 மில்லிகிராம், எவ்வளவு எடை இருந்தாலும் 25-க்கு மேல் கிடையாது. பழைய ஞாபகத்தில் இதயத்து அளவை ஏற்றிவிட்டால் மூளைக்குள் ரத்தம் கசியும். இந்த ஒரு வரியைக் கட்டம் போட்டு, சேர்கிறவரிடம் தனியாகக் கையெழுத்து வாங்குகிறார்கள். எத்தனை இடத்தில் இதைச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று தெரியாது. இதற்காகவே இந்தப் பயிற்சியை வடிவமைத்தவர்களைக் கைகூப்பிப் பாராட்ட வேண்டும்.

அடுத்து, நேரம் கேட்பது. பக்கவாத ஊசிக்கு நான்கரை மணி நேரம் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதில்தான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். கண்டுபிடித்த நேரத்திலிருந்து கணக்கு இல்லை. அந்த ஆள் நன்றாக இருந்ததை ஒருவர் கடைசியாகப் பார்த்த நேரத்திலிருந்துதான். செட்டிநாட்டில் இது லேசான வேலை இல்லை. ஊர் முழுக்க முகப்பும் வளவும் பட்டாலையுமாகப் பெரிய பெரிய வீடுகள், உள்ளே ஒரே ஒரு ஆச்சி. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். யார் பார்த்தார்கள் என்று யாரைக் கேட்பது?

பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து அப்படி ஒரு ஆச்சியைக் கொண்டுவந்தார்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மா காலை 8 மணிக்குக் கதவைத் திறந்தபோது வலது கை தொங்கி, பேச்சு வராமல் கிடந்திருக்கிறார். கூட வந்தவர் "எட்டு மணிக்கு வந்திருச்சும்மா" என்கிறார். எங்கள் சீனியர் பி.ஏ. விடவில்லை. "எட்டு மணிக்குப் பார்த்தீங்க. அதுக்கு முன்னால ஆச்சி நல்லா இருந்ததை யார் பார்த்தா?" சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டோம். முந்தின இரவு ஒன்பதரைக்கு வீடியோவில் பேசியிருக்கிறார், நன்றாக இருந்திருக்கிறார். அதை வைத்தால் நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. சீனியர் வேலைக்கார அம்மாவிடம் கேட்டார்: வாசலில் கோலம் இருந்ததா? பால் வாங்கி வைத்திருந்ததா? பால் பாத்திரம் அடுப்படியில் இருந்தது, காய்ச்சவில்லை. அப்புறம் பால்காரரைத் தேடிப்பிடித்தோம். காலை 6 மணிக்கு ஆச்சி முகப்புக்கு வந்து, நேற்றுப் பால் தண்ணியாக இருந்தது என்று அவரைச் சத்தம் போட்டிருக்கிறார். தெளிவாகப் பேசி, நடந்து வந்து, கையால் பாத்திரம் நீட்டியிருக்கிறார். கடைசியாக நன்றாக இருந்த நேரம் 6 மணி. பத்தரை வரை அவகாசம் இருக்கிறது. சர்க்கரை சரியாக இருந்தது, சி.டி.யில் ரத்தக்கசிவு இல்லை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை. நரம்பியல் டாக்டர் மதுரையிலிருந்து படத்தைப் பார்த்துச் சரி சொன்னார், பத்து மணிக்கு முன்னால் ஊசி போய்விட்டது. இரண்டு நாளில் கையைத் தூக்கினார். பேச்சு திரும்ப நாளானது.

அதற்குப் பிறகு அந்தக் கேள்விகள் தாளிலேயே ஏறிவிட்டன. கோலம், பால், பேப்பர், சாமி விளக்கு, கடைசி போன். தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், அல்லது நேரமே தெரியாவிட்டால், அதற்காக விட்டுவிடக்கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். பெரிய ரத்தக்குழாய் அடைப்பு என்றால், ஸ்கேன் பார்த்துப் பொருத்தமான ஆளுக்கு 24 மணி நேரம் வரைகூடக் குழாய் விட்டு ரத்தக்கட்டியை எடுக்க முடியும். அதற்கு மதுரைக்கோ திருச்சிக்கோ அனுப்ப வேண்டும், இரண்டுமே சாலையில் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. எனவே யோசித்துக்கொண்டு நிற்காமல் முதலில் போன்.

பரிசோதனை கற்றுக்கொடுக்கும் விதத்தைப் பற்றி நிறையச் சொல்லலாம். டாக்டர் வாரத்தில் மூன்று நாள் வருவார். வந்தால் வார்டில்தான் வகுப்பு. முட்டியைத் தட்டும் சுத்தியலைப் பலர் ஆணி அடிப்பதுபோல மணிக்கட்டை இறுக்கிப் பிடிப்போம். அவர் பிடியை நுனிக்குத் தள்ளி, இரண்டு விரலில் தளர்வாகப் பிடிக்கவைத்து, தலையின் கனத்தாலேயே விழ விடச் சொல்வார். பாதத்தைக் கீறும்போது குதிகாலின் வெளிப்பக்கம் தொடங்கி, ஓரமாகவே மேலே வந்து, சுண்டுவிரல் அடியில் உள்ளே திரும்ப வேண்டும். நடுப்பாதத்தில் கீறினால் கூச்சத்தில் காலை இழுத்துக்கொள்வார்கள், பெருவிரல் மேலே போனதா கீழே போனதா என்று தெரியாது. அதிர்வு பார்க்க 128 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க்தான் வேண்டும், காது பார்க்கும் 512 இங்கே உதவாது. பெருவிரல் மூட்டில் வைத்து "குளுகுளுன்னு இருக்கா" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். இரும்பு குளிர்ச்சியாகத்தானே இருக்கும்! "நடுங்குதா, எப்ப நின்னுச்சு" என்று கேட்க வேண்டும். இப்படிச் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருப்பார். யாரையும் நோயாளி முன்னால் கடிந்து பேசியதில்லை.

பக்கவாதத்தின் கடுமையை அளக்கும் என்.ஐ.ஹெச்.எஸ்.எஸ். மதிப்பீட்டில் 0 முதல் 42 வரை மதிப்பெண். அதோடு வரும் அட்டையில் கள்ளிச்செடி, கையுறை, கயிற்றூஞ்சல், பறவை இறகு என்று படங்கள் இருக்கும். கையுறையைப் பார்த்து ஒரு பாட்டி பேசாமல் இருந்தால் பேச்சு போனதாலா, அந்தப் பொருளை வீட்டில் பார்த்தே இராததாலா? இங்கே குத்துவிளக்கு, தேங்காய்த் துருவி, சாவி, நாற்காலி என்று படம் மாற்றி வைத்திருக்கிறார்கள். நாக்குக் குழறுகிறதா என்று பார்க்கக் கானாடுகாத்தான், பிள்ளையார்பட்டி, ஆத்தங்குடி என்று சொல்லச் சொல்கிறோம். மதிப்பெண் கொடுக்கும் விதி மாறவில்லை. மூன்று மாத முடிவில் இதைத் தனியாகச் செய்து, டாக்டர் போட்ட மதிப்பெண்ணோடு ஒத்துப்போக வேண்டும்.

போன் போட வேண்டிய கட்டத்தில் இருப்பவை, மனப்பாடமாகவே சொல்கிறேன்: ஐந்து நிமிடம் தாண்டிய வலிப்பு, இடி விழுந்தாற்போலத் திடீரென்று வந்த தலைவலி, காய்ச்சலோடு குழப்பம், ஒரு கண் பாப்பா மட்டும் பெரிதாவது, இரண்டு காலும் தளர்ந்து சிறுநீர் அடைத்துக்கொள்வது. அப்புறம் குய்லேன் பாரே (நரம்புகள் பாதித்துக் கை கால் தளர்ந்து, மூச்சுத் தசை வரை போகக்கூடிய நோய்) வந்தவர்களின் மூச்சு. அவர்களை ஒரே மூச்சில் எண்ணச் சொல்ல வேண்டும். காலையில் 30 வரை எண்ணியவர் சாயங்காலம் 15-ல் நின்றால், விரலில் மாட்டிய ஆக்சிஜன் கருவி 98 என்று காட்டினாலும் உடனே கூப்பிட வேண்டும். கருவியில் எண் இறங்கும்போது நேரம் கடந்திருக்கும். "தேவையில்லாமல் போன் செய்தார் என்று யாரையும் குறை சொல்ல மாட்டோம்" என்று அந்தக் கட்டத்துக்குக் கீழே எழுதியிருக்கிறது. டாக்டர் அதைக் காப்பாற்றுகிறார். இரவு 2 மணிக்கும் "சொல்லுங்கம்மா" என்றுதான் எடுப்பார்.

புறநோயாளிப் பிரிவு நான்காம் மாதத்திலிருந்து. வலிப்பு நோயாளிகளைத் தொடர்ந்து பார்ப்பதற்குக் கற்றுத்தந்தது அருமை. வால்புரோயேட் சாப்பிடுகிற கல்யாண வயதுப் பெண் யார் வந்தாலும், கருவில் உள்ள குழந்தையை அது பாதிக்கும் என்பதால் டாக்டரிடம் தனியாகக் குறித்துக்காட்ட வேண்டும், அதே சமயம் மாத்திரையைத் தானாக நிறுத்தவும் விடக்கூடாது. வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிப்பதையும், பக்கவாதத்துக்குப் புறா ரத்தம் தேய்ப்பதையும் பார்த்து முகம் சுளிக்காமல் பேசவும் கற்றுக்கொடுத்தார்கள். திட்டினால் அடுத்த முறை மறைப்பார்கள், தாமதமாக வருவார்கள். பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு லெவோடோபா மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடச் சொல்லி, வீட்டில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்கள் என்று கேட்டு எழுதுகிறோம்.

இனி குறைகள். தலைவலிக்கு ஒரே ஒரு வகுப்பு. புறநோயாளிகளில் ஒற்றைத் தலைவலிக்காரர்கள் எத்தனை பேர் என்று உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், இது போதவே போதாது. வலி மாத்திரையை அடிக்கடி போட்டுப் போட்டே தலைவலி வருகிறவர்களை நான் நானாகப் படித்துத்தான் அடையாளம் காணத் தொடங்கினேன். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. பற்றித் தாளில் "அறிமுகம்" என்று மட்டும் இருக்கிறது. அறிமுகம் என்றால் என்ன? படிக்கத் தெரிய வேண்டுமா, ரிப்போர்ட்டைப் புரிந்துகொண்டால் போதுமா? மூன்று பேரிடம் கேட்டால் மூன்று பதில் வருகிறது. மற்ற எல்லாவற்றையும் இவ்வளவு தெளிவாக எழுதியவர்கள் இதை இப்படி விட்டிருக்கக்கூடாது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வந்தது இரவுப் பணி விஷயத்தில். நான்காம் மாதத்துக்கு முன்னால் தனியாக இரவுப் பணி கிடையாது என்று தாளில் தெளிவாக இருக்கிறது. ஆள் குறைந்ததும் எங்கள் குழுவில் ஒரு தம்பியை இரண்டாம் மாதமே இரவில் போட்டுவிட்டார்கள். அவன் வார்டில் உட்கார்ந்து தூங்காமல் தாளைப் படித்துக்கொண்டிருந்தான். எதுவும் தவறாக நடக்கவில்லை என்பது சமாதானம் ஆகாது. எழுதிக் கொடுத்த எதிர்பார்ப்பு இரண்டு பக்கத்துக்கும்தான். எங்களிடம் கையெழுத்து வாங்கியவர்கள் அவர்கள் பக்கத்தையும் காப்பாற்ற வேண்டும். நாங்கள் புகார் எழுதிக் கொடுத்த பிறகு டாக்டர் தலையிட்டு மாற்றினார். ஆனால் பணிப்பட்டியல் போடுகிறவருக்கு அந்தத் தாளே போய்ச் சேரவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

நர்ஸ்களையும் எங்களையும் ஒரே குழுவாகச் சேர்த்தது நல்ல முடிவு. பக்கவாதம் வந்தவருக்கு வாயில் எதையும் கொடுப்பதற்கு முன் விழுங்குவதைச் சோதிக்க வேண்டும் என்பதை ஐ.சி.யூ.விலிருந்து வந்த சிஸ்டர்கள்தான் எங்களுக்குச் செய்து காட்டினார்கள். உட்கார வைத்து, கொஞ்சம் தண்ணீர் கொடுத்து, இருமல் வருகிறதா, குரல் களகளக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

சம்பளம் பயிற்சிக் காலத்திலும் முழுதாக வருகிறது. ஒரு வருடம் வேலை செய்வதாக ஒப்பந்தம் போட வேண்டும். தங்கும் விடுதி சுமார், சாப்பாடு பரவாயில்லை. சுத்தியலும் டியூனிங் ஃபோர்க்கும் அவர்களே தருகிறார்கள், கண் பார்க்கும் ஆஃப்தால்மாஸ்கோப் வார்டுக்கு ஒன்றுதான்.

5-க்கு 4 கொடுக்கிறேன். ஐ.சி.யூ., அவசரப் பிரிவு, இதயப் பிரிவு அனுபவம் உள்ளவர்கள் தைரியமாகச் சேரலாம். படித்து முடித்ததும் நேராக வருகிறவர்கள் முதலில் ஒரு பொது மருத்துவ வார்டில் சில மாதம் இருந்துவிட்டு வந்தால் முழுப் பலனும் கிடைக்கும். நேர்காணலுக்குப் போகும்போது அந்த நான்கு பக்கத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், தருவார்கள். இரவுப் பணி எந்த மாதத்திலிருந்து என்று பணிப்பட்டியல் போடுகிறவரிடமே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.